வைட்ஃபீல்ட் குளத்தில் கோய் மீன்: எந்த மாதம் என்ன தீனி?

கோய் மீன் தீவனப் பாக்கெட்டைப் பின்பக்கம் திருப்பினால் பெரும்பாலும் ஒரு சிறிய அட்டவணை இருக்கும். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே இறங்கினால் தீனியை நிறுத்துங்கள். 10 முதல் 15 டிகிரி வரை கோதுமை முளை சேர்த்த தீவனம், வாரத்தில் இரண்டு மூன்று முறை. 20 டிகிரியைத் தாண்டினால் புரதம் கூடிய தீவனம், தினமும். கோடையில் இன்னும் அதிகம். அட்டவணையில் பிழை ஏதும் இல்லை. அது பனி பெய்யும் ஊர்களுக்காக எழுதப்பட்டது, அவ்வளவுதான். வைட்ஃபீல்ட் இருக்கும் பெங்களூரில் ஜனவரி மாதத்தின் சராசரிக் குறைந்தபட்ச வெப்பமே 15, 16 டிகிரி. அதுவும் காற்றின் வெப்பம், விடியற்காலையில் சில மணி நேரம் மட்டும். நாலைந்து அடி ஆழமுள்ள குளத்தின் தண்ணீர் அந்தச் சில மணி நேரத்தில் அவ்வளவு தூரம் இறங்கிவிடாது. இந்நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பம் 7.8 டிகிரி. அது 1884 ஜனவரியில். ஆங்கிலோ-இந்தியர்களுக்காக 1882இல் உருவான வைட்ஃபீல்ட் குடியிருப்புக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறைந்திருக்குமோ என்னவோ.

ஆகவே இங்குள்ள கோய் மீனுக்குப் பனிக்கால ஓய்வு கிடையாது. பன்னிரண்டு மாதமும் பசிக்கிறது; கரையில் ஆள் நிழல் பட்டால் பன்னிரண்டு மாதமும் வாயைத் திறந்துகொண்டு வருகிறது. அப்படியானால் பருவம் பார்த்துத் தீனி மாற்றத் தேவையில்லையா? தேவை. ஆனால் இங்கே அதைத் தீர்மானிப்பவை தண்ணீரின் சூடு, அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன், வாரத்துக்கு எத்தனை லிட்டர் நல்ல தண்ணீர் மாற்ற முடியும் என்ற கணக்கு. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் பாக்கெட் அட்டவணை இங்கே கிட்டத்தட்டத் தலைகீழாகிறது. ஏப்ரல், மே மாதங்களில் கையை இறுக்க வேண்டும். ஜூன் முதல் அக்டோபர் வரை தாராளமாகப் போடலாம்.

ஏன் என்று புரிய, முதலில் மீனின் வயிற்றைப் பார்க்க வேண்டும்.

கோய் என்பது கெண்டை இனம். ஜப்பானின் நீகாத்தா மலைப்பகுதியில் நெல் விவசாயிகள் உணவுக்காக வளர்த்த கெண்டைகளில் தற்செயலாகத் தோன்றிய நிறங்களை 19ஆம் நூற்றாண்டில் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். 1914இல் டோக்கியோவில் நடந்த பெரிய கண்காட்சியில் வைக்கப்பட்ட பிறகுதான் ஜப்பானின் மற்ற பகுதிகளுக்கே அது பரவலாகத் தெரிந்தது. இதன் சாம்பல் நிறச் சொந்தக்காரனை நமக்கு நன்றாகத் தெரியும். மீன் சந்தையில் சாதாக்கெண்டை என்று விற்கிறார்களே, அதுதான். பெரிய செதில்கள் கொண்ட கண்ணாடிக் கெண்டை 1939இல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவரப்பட்டது. பாங்காக் வகை 1957இல் வந்தது. ஊட்டிக் குளிரில் பாக்கெட் அட்டவணை ஓரளவு பொருந்தும். சென்னையில் துளியும் பொருந்தாது. வைட்ஃபீல்ட் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

கெண்டைக்கு இரைப்பை கிடையாது. வாயில் பல்லும் இல்லை. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் அரைத்து நேரே நீண்ட குடலுக்கு அனுப்பிவிடுகிறது. நமக்கு இருப்பதுபோல் ஒரு வேளைச் சாப்பாட்டைத் தேக்கி வைத்து, அமிலத்தில் ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும் ஏற்பாடு அதற்கு இல்லை. குளத்தின் அடியைக் கிளறி, புழு, நத்தைக் குஞ்சு, பாசி, விதை, அழுகிய இலை என்று நாள் முழுக்கக் கொறிப்பதற்கென்று அமைந்த உடம்பு. இதிலிருந்து இரண்டு முடிவுகள் தாமாகவே வருகின்றன. ஒரே நேரத்தில் கைநிறையப் போடுவதைவிட அதையே மூன்றாகப் பிரித்துப் போட்டால் உடம்பில் ஒட்டுவது அதிகம், தண்ணீரில் கழிவாகப் போவது குறைவு. இரண்டாவது, பலவகை உணவு இந்த மீனுக்கு ஆடம்பரம் அல்ல, இயல்பு. ஒரே பாக்கெட் உணவை ஆண்டு முழுக்கப் போட்டாலும் அது உயிரோடிருக்கும். ஆனால் நல்ல நிறமும் நல்ல உடல்வாகும் வேண்டுமென்றால் அது போதாது என்பது என் உறுதியான கருத்து.

மீனின் உடல் வெப்பம் தண்ணீரின் வெப்பம்தான். 23 முதல் 28 டிகிரிக்குள் கெண்டையின் செரிமானம் சிறப்பாக நடக்கும். 18க்குப் பக்கத்தில் மெதுவாகும். 30ஐத் தாண்டும்போது பசி இருப்பதுபோல் தெரிந்தாலும் வேறொரு சிக்கல் தொடங்குகிறது. அதற்கு முன் ஒரு கணக்கு.

தீவனத்தில் உள்ள புரதத்தில் மீன் உடம்பில் சேராத பகுதி பெரும்பாலும் அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேறுகிறது. மீன் வளர்ப்பில் இதற்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு: தீவன எடையைப் புரத அளவால் பெருக்கி, அதை 0.092ஆல் பெருக்குங்கள். 40 சதவீதப் புரதம் உள்ள தீவனம் 100 கிராம் போட்டால் 3.7 கிராம் அம்மோனியா. ஒரு அடியும் கொஞ்சமும் நீளமுள்ள, அதாவது 40 சென்டிமீட்டர் கோய் ஒன்று ஏறத்தாழ ஒரு கிலோ இருக்கும். அப்படிப் பத்து மீன், 10,000 லிட்டர் குளம் என்று வைத்துக்கொள்வோம். உடல் எடையில் ஒரு சதவீதம் தீவனம் என்றால் தினம் 100 கிராம். ஃபில்டர் வேலை செய்யாவிட்டால் ஒரே நாளில் லிட்டருக்கு 0.37 மில்லிகிராம் அம்மோனியா ஏறும்.

இது எவ்வளவு கெடுதல் என்பது தண்ணீரின் பி.எச். அளவையும் சூட்டையும் பொறுத்தது. மொத்த அம்மோனியாவில் ஒரு பகுதிதான் மீனைக் கொல்லும் வடிவில் இருக்கும். 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பி.எச். 8 என்றால் சுமார் 5 சதவீதம். பி.எச். 8.5 என்றால் ஏறத்தாழ 15 சதவீதம். வெயிலில் பச்சை பிடித்த குளத்தில் பிற்பகல் நேரம் பி.எச். 8.5ஐத் தொடுவது சாதாரணம். அதாவது அதே நூறு கிராம் தீவனம், அதே மீன்கள், மேகமூட்டமான ஆகஸ்டில் செய்யாத கெடுதலை ஏப்ரல் பிற்பகலில் செய்யும்.

ஃபில்டரில் வாழும் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. நைட்ரேட் உடனடியாகக் கொல்லாது, ஆனால் சேர்ந்துகொண்டே போகும். மேலே சொன்ன குளத்தில் வாரத்துக்கு லிட்டருக்கு 11 மில்லிகிராம் அளவில் ஏறும். வாரம் பத்து சதவீதத் தண்ணீர் மட்டும் மாற்றினால் சில மாதங்களில் அது 100ஐத் தாண்டி நிற்கும். இருபது சதவீதம் மாற்றினால் 50க்குப் பக்கத்தில் நிற்கும். 10,000 லிட்டர் குளத்தில் இருபது சதவீதம் என்றால் வாரம் 2,000 லிட்டர். அந்த 2,000 லிட்டர் எங்கிருந்து வரும்?

வைட்ஃபீல்டில் இந்தக் கேள்விக்குப் பதில் மாதத்துக்கு மாதம் மாறும். இப்பகுதி நெடுங்காலம் போர் தண்ணீரையும் டேங்கர் லாரியையும் நம்பியே வாழ்ந்தது. காவிரி ஐந்தாம் கட்டக் குடிநீர்த் திட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் நகரமே தண்ணீருக்குத் தவித்தபோது, கார் கழுவுவதற்கும் தோட்டத்துக்கும் நீரூற்றுகளுக்கும் குடிநீரைப் பயன்படுத்தக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவிட்டது. அப்படியொரு கோடையில் பக்கத்து வீட்டில் குளிக்கத் தண்ணீர் இல்லாதபோது மீன்குளத்துக்கு வாரம் 2,000 லிட்டர் இறக்குவது எனக்கு மனம் ஒப்பாத செயல். அதற்கு வழி மீனைப் பட்டினி போடுவது அல்ல. தீவனத்தைக் குறைத்தால் கழிவு குறையும். கழிவு குறைந்தால் மாற்ற வேண்டிய தண்ணீரும் அதே விகிதத்தில் குறையும். தீவனத்தைப் பாதியாக்கினால் தண்ணீர்த் தேவையும் ஏறத்தாழப் பாதி. வளர்ந்த கோய் மீன் இரண்டு மூன்று மாதம் அரை வயிற்றோடு இருப்பதால் அதற்கு ஒரு குறையும் வராது. நீகாத்தாவில் அது குளிர்காலம் முழுவதையும் அப்படித்தான் கழிக்கிறது.

கோடையில் குறைக்க இன்னொரு காரணம் ஆக்சிஜன். சூடான தண்ணீர் குறைவான ஆக்சிஜனையே பிடித்து வைக்கும். கடல் மட்டத்தில் 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் வரை கரையும்; 30 டிகிரியில் 7.5 மட்டுமே. பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் பத்து சதவீதம் குறைவு, ஆக்சிஜனும் அதே அளவு குறைவு. எனவே 30 டிகிரியில் இங்கே 6.8 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. சென்னைக் குளத்துக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. இதைப் பலர் யோசிப்பதில்லை. சாப்பிட்ட மீனுக்குச் செரிமானத்துக்காக அடுத்த சில மணி நேரம் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படும். இரவில் பாசியும் செடிகளும் ஆக்சிஜனைத் தருவதற்குப் பதில் எடுத்துக்கொள்ளும். விடியலுக்குச் சற்று முன் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்து நிற்கும். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் சூரியன் ஏறி ஒரு மணி நேரமாவது ஆன பிறகு முதல் தீனி, மாலை நாலரைக்குள் கடைசித் தீனி. வேலைக்குப் போய் இரவு ஒன்பதுக்கு வீடு திரும்பி, மீன்களைப் பார்த்த மகிழ்ச்சியில் ஒரு பிடி போடும் பழக்கம் கோடையில் வேண்டாம். கரண்ட் போய் ஏரேட்டர் நின்றுவிட்டால், அது திரும்பி ஓடத் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகும்வரை எதுவும் போடாதீர்கள். 2016 ஏப்ரலில் பெங்களூரில் 39.2 டிகிரி பதிவானது. மூன்றடி ஆழத் தொட்டி, மேலே நிழல்வலை இல்லை என்றால், அதுபோன்ற நாட்களில் தீனியே வேண்டாம்.

கோடைக்கு ஏற்ற உணவு எது? புரதம் 30 முதல் 35 சதவீதம் உள்ள சாதாரண மிதக்கும் பெல்லட், உடல் எடையில் அரை முதல் ஒரு சதவீதம். குட்டிகளுக்கு மட்டும் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். கெண்டைக்கு வேண்டிய புரதமே 30 முதல் 38 சதவீதம்தான். 45 சதவீதம் என்று பெருமையாக அச்சிட்ட விலை உயர்ந்த பாக்கெட்டில் உபரியாக இருக்கும் புரதம் பெரும்பகுதி அம்மோனியாவாகத்தான் தண்ணீருக்குத் திரும்பும். மிதக்கும் வகையைச் சொல்வதற்குக் காரணம், மீன் சாப்பிட்டது எவ்வளவு, விட்டது எவ்வளவு என்று கண்ணால் பார்க்கலாம். ஐந்து நிமிடத்தில் தீராததை வலையால் அள்ளிவிடுங்கள்.

காய்கறிகளுக்கு நல்ல காலமும் கோடைதான். புரதம் குறைவு, தண்ணீரும் நாரும் அதிகம், குளத்தைக் கெடுப்பது குறைவு. தர்பூசணியை விதை நீக்கித் தோலோடு பெரிய துண்டாக மிதக்கவிட்டால் கோய்கள் சிவந்த சதையை உறிஞ்சித் தின்றுவிட்டுத் தோலை விட்டுவைக்கும்; மாலையில் எடுத்துவிடலாம். பச்சைப் பட்டாணியை வேகவைத்து, மேல்தோலை உரித்து, நசுக்கிப் போடலாம். பாலக்கீரை, லெட்யூஸ் இரண்டையும் கொத்தாகக் கட்டி நூலில் தொங்கவிடலாம். முதல் நாள் தொடாது. மூன்றாம் நாள் இழுத்துத் தின்னும். கடையில் வாங்கும் கீரையில் பூச்சிமருந்து இருக்கக்கூடும், உப்புத் தண்ணீரில் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். மொட்டை மாடியில் ஒரு தொட்டியில் அசோலா வளர்ப்பது இன்னும் நல்லது. மாட்டுக்கும் கோழிக்கும் போடுகிற அதே அசோலாதான். கோய் மீன் அதை விரும்பித் தின்னும். ஆனால் குளத்திலேயே வளரவிட்டால் வெயிலில் ஒரே வாரத்தில் மூடி, காற்று படாமல் செய்துவிடும்; தனித் தொட்டியில் வளர்த்து ஒரு கைப்பிடி மட்டும் அள்ளிப் போடுங்கள்.

ஏப்ரலில் இடியோடு வரும் மாம்பழ மழை ஒன்றிரண்டு பெய்து, ஜூனில் பருவமழை நிலைகொண்டதும் காட்சி மாறுகிறது. பகலில் 28, 29 டிகிரி, இரவில் 20. குளத்துத் தண்ணீர் 23 முதல் 26க்குள் மாதக்கணக்கில் நிற்கும். கெண்டையின் செரிமானத்துக்கு மிகப் பொருத்தமான வெப்பம் இது. நீகாத்தா பண்ணைக்காரர்கள் கோய்களை மலைச்சரிவு மண்குளங்களில் கோடைத் தொடக்கத்தில் விட்டு அக்டோபரில் பிடிக்கிறார்கள்; அந்த நாலைந்து மாதத்தில்தான் மீன் அங்கே வளர்கிறது. அவர்களுடைய கோடை வைட்ஃபீல்டுக்கு மழைக்காலமாக வருகிறது. போர்வெல்லில் தண்ணீர் ஏறியிருக்கும், கூரைத் தண்ணீரைச் சேமிப்பவர்களுக்கு அதுவும் உண்டு. ஆகவே வளர்ச்சிக்கான தீவனம், 38 சதவீதம் வரை புரதம், உடல் எடையில் ஒன்று முதல் ஒன்றரை சதவீதம், மூன்று நான்கு வேளை என்பதெல்லாம் இந்த மாதங்களுக்கு உரியவை. ஒரு அடிக்கும் குறைவான குட்டிகளுக்கு இரண்டு மூன்று சதவீதம் வரை போகலாம்.

எச்சரிக்கை ஒன்றுதான்: கொட்டும் மழை நாள். பெங்களூரில் அதிக மழை செப்டம்பர், அக்டோபரில். மழைத் தண்ணீருக்குக் காரத்தன்மையே கிடையாது. ஒரே இரவில் பெருமழை குளத்தில் கலந்தால் பி.எச். சட்டென்று விழும், ஃபில்டர் பாக்டீரியாவும் தடுமாறும். தோட்டத்து உரமும் மருந்தும் வழிந்து வந்திருக்கலாம். அன்றும் மறுநாளும் தீனியை நிறுத்தி, பி.எச். பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். 2022 செப்டம்பரில் வர்த்தூர், வைட்ஃபீல்ட் பக்கத்து வில்லாக் குடியிருப்புகளில் தெருவெல்லாம் வெள்ளமானது நினைவிருக்கும். தாழ்வான வீட்டில் குளம் வைத்திருப்பவர்கள் மேலே வலை போட்டுவையுங்கள். ஏரிக்குள் போன கெண்டை அடிமண்ணைக் கிளறி அந்த ஏரியையே கலக்கிவிடும்.

மழைக்காலத்துச் சிறப்பு உணவு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் பட்டுக் கூட்டுப்புழுவைச் சொல்வேன். இதில் ஜப்பானுக்கும் கர்நாடகத்துக்கும் ஒரே கதை. பட்டு நூற்கும் ஊர்களில் கூட்டை வேகவைத்து நூலை எடுத்த பிறகு உள்ளே இருக்கும் புழு மிஞ்சும். நாகானோ மாநிலத்தின் சாக்கு ஊரில் புகழ்பெற்ற கெண்டை வளர்ப்பே இந்தப் புழுவை நம்பி வளர்ந்தது. நமக்கு அருகே சிட்லகட்டாவும் ராமநகரமும் பட்டுக்கூடு சந்தைகளுக்குப் பேர்போனவை. ஓசூர் தாண்டித் தருமபுரியிலும் உண்டு. உலர்ந்த கூட்டுப்புழுவில் பாதிக்கு மேல் புரதம், நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொழுப்பு. கோய் மீன் இதன் வாசனைக்கே துள்ளி வரும்.

அந்தக் கொழுப்பில்தான் ஆபத்தும் இருக்கிறது. அது சீக்கிரம் காறிப்போகும். காறிப்போன கூட்டுப்புழுவைத் தொடர்ந்து தின்ற ஜப்பானியக் கெண்டைகளுக்கு முதுகுத் தசை கரைந்து, முதுகெலும்பு கத்திமுனைபோல் துருத்திக்கொண்டு நிற்கும் நோய் வந்தது. அங்கே அதற்கு செக்கோக்கே என்று பெயர். வைட்டமின் ஈ சேர்த்தால் தடுக்கலாம் என்று 1960களில் அங்குள்ள ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். கோதுமை முளையில் வைட்டமின் ஈ ஏராளம். பாக்கெட்டில் குளிருக்கென்று அச்சிடப்பட்ட கோதுமை முளைத் தீவனம் இங்கே அந்த வகையில் ஆண்டு முழுக்கப் பயன்படும். கூட்டுப்புழு வாங்கும்போது உடைத்து மோந்து பாருங்கள். பழைய எண்ணெய் வாடை, பெயின்ட் வாடை அடித்தால் வேண்டாம். எண்ணெய் பிழிந்து எடுத்த வகை கிடைத்தால் அது மேல். மழை ஈரத்தில் வெளியே வைத்தால் ஒரு மாதம் தாங்காது, ஃப்ரீஸரில் வையுங்கள். எப்படியானாலும் மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

மண்புழுவும் இக்காலத்துக்கு ஏற்றது. பெங்களூர் அபார்ட்மென்ட்களில் சமையலறைக் கழிவை உரமாக்கும் தொட்டி இப்போது பரவலாக இருக்கிறது. அதில் மண்புழு வளர்ந்தால் எடுத்துக் கழுவி, ஒரு இரவு ஈரத்துணியில் வைத்து, குடல் காலியான பிறகு போடலாம். அதே தொட்டியில் வரும் கறுப்பு ஈயின் கொழுத்த புழுக்களையும் மீன் தின்னும், ஆனால் கொழுப்பு அதிகம், வாரத்தில் ஒரு நாள் போதும். சாக்கடைச் சேற்றில் பிடித்து விற்கும் சிவப்பு டியூபிஃபெக்ஸ் புழுவை மட்டும் தொடாதீர்கள். வர்த்தூர், பெள்ளந்தூர் ஏரிகளில் நுரை பொங்கியதை நாடே பார்த்தது. அந்த வாய்க்கால் சேற்றில் என்னென்ன உலோகமும் கிருமியும் இருக்கும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

பண்ணைக் கெண்டைக்கு நம் ஊரில் தலைமுறையாகப் போடும் தவிடும் கடலைப் புண்ணாக்கும் கோய்க்கு ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. மண்குளத்தில் ஆகும், அங்கே மீன் பாதி உணவைக் குளத்திலேயே தேடிக்கொள்கிறது. சிமென்ட் தொட்டியில் அது கரைந்து தண்ணீரைக் கலக்கும். ஈரக்காலத்தில் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்தால் அதில் உண்டாகும் அஃப்லாடாக்ஸின் நஞ்சு மீனின் ஈரலைக் கெடுக்கும். பொரியும் பிரெட்டும் அப்படியே. கோயில் தெப்பக்குளத்து மீன்களுக்குப் பொரி போட்டு வளர்ந்தவர்கள் நாம். குழந்தைகள் ஆசைப்பட்டால் எப்போதாவது நாலு பொரி போடட்டும். அது மாவுச்சத்து மட்டுமே, தினமும் என்றால் தொப்பை போடும்.

நிறத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை. கோயின் கறுப்பை அதன் உடம்பே உண்டாக்கிக்கொள்ளும். சிவப்பை உண்டாக்க அதற்கு உணவிலிருந்து நிறமி வேண்டும். ஸ்பைருலினாப் பாசியில் இருக்கும் ஸீயாக்ஸாந்தினை அஸ்டாஸாந்தின் என்ற சிவப்பு நிறமியாக மாற்றிக்கொள்ளும் திறன் கோய்க்கு உண்டு. ஸ்பைருலினா நம்மிடம் தாராளம். புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பெரிய அளவில் வளர்க்கிறார்கள். நல்ல வெப்பத்தில், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, தீவனத்தில் ஒரு பங்கு ஸ்பைருலினா சேர்ந்ததாக இருக்கட்டும். அதற்கு மேல் ஆண்டு முழுக்க நிறத் தீவனம் போட்டால் கோஹாக்கு போன்ற வெள்ளை உடலுள்ள வகைகளில் வெண்மை மங்கி இளஞ்சிவப்பாகும். சிவப்பு அழகாகத் தெரிவதே பக்கத்தில் வெள்ளை பளிச்சென்று இருப்பதால்தான், அதை இழந்துவிடாதீர்கள்.

நவம்பர் பாதியிலிருந்து மெல்லக் குறையுங்கள். டிசம்பர், ஜனவரியில் தண்ணீர் 19 முதல் 22 டிகிரியில் இருக்கும். தீனியை நிறுத்த வேண்டிய குளிர் இது அல்ல, இரட்டிப்பாகப் போட வேண்டிய சூடும் அல்ல. கோதுமை முளை சேர்ந்த 30, 32 சதவீதப் புரதத் தீவனம், உடல் எடையில் அரை சதவீதம் சொச்சம், பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும். வாரத்தில் ஒரு நாள் முழுப் பட்டினி. பனிக்கால ஓய்வே இல்லாத இந்த ஊரில் கோய்கள் வயிறு பருத்து உருண்டையாகிவிடுகின்றன, அந்த ஒரு நாள் பட்டினி அதற்கு உதவும் என்று நம்புகிறேன். ஒரு தெர்மாமீட்டரை நூலில் கட்டி இரண்டடி ஆழத்தில் தொங்கவிடுங்கள். காற்றின் குளிரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். சென்னைக் கொளத்தூரிலிருந்து இந்த மாதங்களில் மீன் வாங்கிவந்தால், அது 27, 28 டிகிரித் தண்ணீரிலிருந்து வந்திருக்கும். பையை மிதக்கவிட்டு மெதுவாகப் பழக்கி, முதல் இரண்டு நாள் ஒன்றும் போடாதீர்கள். முடிந்தால் தனித் தொட்டியில் சில வாரம் வைத்துப் பாருங்கள்.

தீவனத்தை வாங்குவதிலும் ஒரு பருவக் கணக்கு உண்டு. 10 கிலோ மூட்டை மலிவு என்று வாங்கி கராஜில் வைத்தால் கோடைச் சூட்டில் வைட்டமின் சி போய்விடும், மழை ஈரத்தில் பூஞ்சை வரும். இரண்டு மாதத்தில் தீரும் அளவே வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் இருட்டில் வையுங்கள். வில்லாக் குளங்களில் இன்னொரு பிரச்சினை, ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் போடுவது. காலையில் தோட்டக்காரர், பத்து மணிக்குப் பாட்டி, பள்ளி விட்டு வந்த பிள்ளைகள், இரவில் வீட்டுக்காரர். எல்லாருக்கும் பாசம்தான், ஆனால் ஃபில்டருக்கு அது தெரியாது. அன்றைய தீனியைக் காலையிலேயே தராசில் நிறுத்து ஒரு சிறிய டப்பாவில் போட்டு வைத்துவிடுங்கள். யார் போட்டாலும் அதிலிருந்துதான். டப்பா காலியானால் அன்றைக்கு முடிந்தது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும் வாரத்துக்கு என்ன செய்வது என்ற கவலை வேண்டாம். ஜனவரிக் குளிர்ச்சியில் வளர்ந்த கோய் ஒரு வாரம், பத்து நாள் ஒன்றும் தின்னாமல் நன்றாகவே இருக்கும். பக்கத்து வீட்டாரிடம் தீவன டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதைவிட, ஏரேட்டர் ஓடுகிறதா என்று தினம் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் முதல் இரண்டு நாள் வழக்கத்தில் பாதி, மூன்றாம் நாள் முழு அளவு.